சுகமாக இருக்கிற நாளிலும் மாத்திரை

(தோட்டப் பிள்ளை மடுவத்தில் நடந்த மாதாந்தத் தாய்மார் கூட்டத்தில் நலன்புரிப் பிரிவின் சார்பில் நிகழ்த்தப்பட்ட உரை. கூட்டத்துக்கு வர முடியாதவர்களுக்காக இங்கே தரப்படுகிறது.)



ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள்தான் உங்களுக்குக் கிடைக்கிறது. உடுப்புத் துவைக்க வேண்டும், விறகு தேட வேண்டும், கடைக்குப் போக வேண்டும். அத்தனை வேலையையும் வைத்துவிட்டு வந்திருக்கிறீங்க. அதற்கு முதலில் எங்கள் நன்றி.

வழக்கமாக இந்தக் கூட்டத்தில் குடிதண்ணீர், மலசலகூடம், பிள்ளைகளுக்கு ஊசி, இரத்தச் சோகை என்றுதான் பேசுவோம். இன்றைக்கு இரத்தப் புற்றுநோய் பற்றிப் பேசப் போகிறோம். பேரைக் கேட்டதுமே சிலர் முகம் மாறுகிறது. பயப்பட வேண்டாம். இதில் ஒரு வகை இருக்கிறது. அது வந்தவர் ஒழுங்காக மாத்திரை போட்டால் பிள்ளைகளை வளர்க்கலாம், மலைக்குப் போகலாம், பேரப் பிள்ளையையும் தூக்கலாம். அந்த வகையைப் பற்றித்தான் இன்றைய பேச்சு.

ஏன் இதை எடுத்தோம் என்று சொல்ல வேண்டும். நாங்கள் வேலை செய்கிற தோட்டங்களில் ஒன்றில் கொழுந்து எடுக்கிற அக்கா ஒருவர் இருக்கிறாங்க. "என் கதையைச் சொல்லுங்க, நாலு பேருக்கு உதவும். பேரை மட்டும் விட்டுடுங்க" என்று சொல்லி அனுமதி தந்தாங்க. அந்தக் கதையில் எங்கள் பிழையும் ஒன்று இருக்கிறது. அதையும் மறைக்காமல் சொல்கிறோம்.

அக்காவுக்கு நடந்தது

அவங்களுக்கு முதலில் வந்தது சோர்வு. மத்தியான நிறுவைக்குள்ளேயே கால் தளர்ந்துவிடும். இரண்டு வாய் சாப்பிட்டால் வயிறு நிறைந்த மாதிரி இருக்கும். இடது பக்க விலாவுக்குக் கீழே கல் வைத்த மாதிரி கனம். இராத்திரியில் போர்வை நனைகிற அளவுக்கு வியர்வை. உடம்பு மெலிந்தது. பக்கத்துக் காம்பராவில் உள்ளவர்கள் வாயு என்றார்கள். மாமியார் கண்ணூறு என்று சுற்றிப் போட்டாங்க. இரண்டு மாதம் அப்படியே போனது.

தோட்ட டிஸ்பென்சரியில் வயிற்றைத் தொட்டுப் பார்த்ததும் பெரியாஸ்பத்திரிக்குத் துண்டு எழுதிக் கொடுத்தார்கள். இரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். நல்ல சுகத்தோடு இருக்கிறவருக்கு ஒரு துளிக்குள் பிடித்த சின்ன அளவில் வெள்ளை அணுக்கள் 4,000 முதல் 11,000 வரை இருக்கும். அக்காவுக்கு ஒரு இலட்சத்தையும் தாண்டியிருந்தது. எலும்பு மச்சையில் ஊசி வைத்தும் பரிசோதித்தார்கள். நாட்பட்ட மைலோயிட் லியூக்கீமியா என்று சொன்னார்கள். டொக்டர்மார் சுருக்கமாக சி.எம்.எல். என்பார்கள்.

இமாட்டினிப் என்ற மாத்திரை கொடுத்தார்கள். மூன்று மாதத்தில் வயிற்றுக் கனம் குறைந்தது. சாப்பாடு இறங்கியது. அக்கா திரும்பவும் மலைக்குப் போனாங்க. பெரட்டுக் களத்தில் அவங்களைக் கண்டதும் நாங்களும் சந்தோஷத்தில், "சுகமாகிட்டீங்க அக்கா, இனி ஒரு பயமும் இல்லை" என்று சொன்னோம்.

அதுதான் எங்கள் பிழை. அவங்க அந்த வார்த்தையை அப்படியே எடுத்துக்கொண்டாங்க. கிளினிக்குக்குப் போனால் அன்றைய பேர் போகும். பஸ்ஸுக்கும் சாப்பாட்டுக்கும் காசு போகும். மூத்த பிள்ளையின் சடங்கு வேறு வந்தது. கையில் இருந்த மாத்திரையை ஒரு நாள் விட்டு ஒரு நாள் போட்டாங்க. பிறகு முழுவதும் நிறுத்திவிட்டாங்க. உடம்பில் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. நாலைந்து மாதம் கழித்துத் திரும்பவும் விலாவுக்குக் கீழே கனம் வந்தபோதுதான் எங்களிடம் வந்தாங்க.

கிளினிக்கில் டொக்டர் கோபப்படவில்லை. ஒரு கேள்விதான் கேட்டார்: "மாத்திரையை நிறுத்தச் சொன்னது யார்?" அக்கா எங்களைக் காட்டிக் கொடுக்கவில்லை. ஆனால் கூடப் போயிருந்த எங்களுக்குத் தலை நிமிர முடியவில்லை.

இது என்ன நோய்?

நம்முடைய இரத்தம் எலும்புக்கு உள்ளே இருக்கிற மச்சையில் உருவாகிறது. சிவப்பு அணு மூச்சுக் காற்றைச் சுமக்கும். வெள்ளை அணு கிருமியோடு சண்டை பிடிக்கும். தட்டணு இரத்தத்தை உறைய வைக்கும். இவற்றை உருவாக்குகிற மச்சை அணுக்களுக்குள் குரோமசோம் என்ற நூல் துண்டுகள் 46 இருக்கின்றன. இந்த நோயில் 9ஆவது நூலிலும் 22ஆவது நூலிலும் ஒவ்வொரு துண்டு முறிந்து, ஒன்றின் இடத்தில் மற்றது ஒட்டிக்கொள்கிறது. அந்த ஒட்டுதலால் "பெருகு, பெருகு" என்று ஓயாமல் கட்டளையிடுகிற ஒரு பொருள் உண்டாகிறது. வெள்ளை அணுக்கள் அளவில்லாமல் பெருகி மண்ணீரலில் போய் நிறைகின்றன. இடது பக்கத்துக் கனம் அதுதான்.

இந்த மாறிய நூலை 1960இல் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரத்தில் கண்டுபிடித்தார்கள். அதனால் பிலடெல்பியா குரோமசோம் என்று பேர் வைத்தார்கள். அந்தக் கட்டளையையே தடுக்கிற இமாட்டினிப் மாத்திரைக்கு 2001இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அதற்கு முந்திய காலத்தில் இந்த நோய் வந்த பெரும்பாலானவர்கள் சில வருடங்களுக்குள் இறந்தார்கள். இப்போது ஒழுங்காக மருந்து எடுத்து, நோய் நன்றாக அடங்கியவர்கள் மற்றவர்களைப் போலவே வயதாகும் வரை வாழ்கிறார்கள்.

மூன்று விஷயத்தை எல்லோரும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

ஒன்று, இது தொற்றாது. ஒரே கோப்பையில் தேத்தண்ணி குடித்தாலும், ஒரே பாயில் படுத்தாலும் வராது. 

இரண்டு, இது பரம்பரையாக வருவதில்லை. பிறந்த பிறகு ஒரு அணுவில் நடந்த மாற்றம் இது. அந்த வீட்டில் பெண் எடுக்கலாமா என்று யாரும் யோசிக்கத் தேவையில்லை. 

மூன்று, இது செய்வினையும் இல்லை, பாவமும் இல்லை. கோயிலுக்குப் போங்க, நேர்த்தி வையுங்க, மனதுக்குத் தைரியம் வரும். ஆனால் திருநீறு பூசின கையாலேயே மாத்திரையையும் எடுத்துப் போடுங்க.

எல்லா இரத்தப் புற்றுநோயும் ஒன்றல்ல என்பதையும் சொல்ல வேண்டும். நாட்பட்ட லிம்போயிட் லியூக்கீமியா என்று இன்னொரு வகை இருக்கிறது. அது பெரும்பாலும் வயதானவர்களுக்கு வரும். சிலருக்கு மருந்தே கொடுக்காமல் வருடக் கணக்கில் இரத்தத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். திடீரென்று வருகிற கடும் வகைகளுக்கு வைத்தியம் முற்றிலும் வேறு. அதனால் ஒருவருக்குக் கொடுத்த மருந்தை இன்னொருவர் போடக்கூடாது.

மாதத்துக்கு மூன்று மாத்திரை

இன்றைய பேச்சில் ஒன்றை மட்டும் வீட்டுக்குக் கொண்டுபோவதென்றால் இதைக் கொண்டுபோங்க.

லண்டனில் நடந்த ஒரு ஆராய்ச்சி 2010இல் வெளிவந்தது. இமாட்டினிப் எடுக்கிற 87 பேருக்கு, போத்தல் மூடி எப்போது திறக்கப்படுகிறது என்று பதிகிற கருவி பொருத்திய போத்தலில் மாத்திரை கொடுத்து மூன்று மாதம் பார்த்தார்கள். நூற்றுக்கு 90க்கு மேல் மாத்திரை போட்டவர்களுக்கு நோய் நன்றாக அடங்கியது. அதற்குக் குறைவாகப் போட்டவர்களில் கொஞ்சப் பேருக்குத்தான் அப்படி அடங்கியது. தாங்கள் ஒழுங்காகப் போடுவதாகச் சொன்ன பலர் உண்மையில் தவறவிட்டிருந்தார்கள்.

நூற்றுக்குப் பத்து என்றால் எவ்வளவு? மாதம் 30 மாத்திரையில் மூன்று. சடங்கு வீட்டில் ஒன்று, திருவிழாவில் ஒன்று, "இன்றைக்கு வேண்டாம், வயிறு சரியில்லை" என்று ஒன்று. அவ்வளவுதான், மூன்று போய்விட்டது.

உங்களுக்குத் தெரிந்த வேலையை வைத்தே சொல்கிறோம். மலையில் ரவுண்ட் தவறினால் கொழுந்து என்ன ஆகும்? முற்றிப் போகும். பிறகு எத்தனை கை வைத்தாலும் அது நல்ல கொழுந்து ஆகாது. மானாப் புல்லை மேலால் வெட்டினால் மலை சுத்தமாகத் தெரியும். ஆனால் வேர் மண்ணுக்குள்ளே இருக்கிறது. அடுத்த மழைக்குத் தலை நீட்டும். இந்த நோயும் அப்படித்தான். மாத்திரை வேரை அமுக்கி வைத்திருக்கிறது. கையை எடுத்தால் எழும்பும். எழும்பும்போது சில நேரம் அதே மாத்திரைக்குக் கட்டுப்படாத மாதிரி மாறியும் எழும்பும். கவனிக்காமல் விட்டால் வேகமான கடும் நோயாகத் திரும்பும். அந்தக் கட்டத்தில் வைத்தியம் மிகவும் கடினம்.

வருடக் கணக்கில் நோய் நன்றாக அடங்கியிருக்கிற சிலருக்கு, விசேட வைத்தியர் அடிக்கடி பரிசோதனை செய்துகொண்டே மருந்தை நிறுத்திப் பார்ப்பதும் உண்டு. அவர்களிலும் ஏறக்குறைய பாதிப் பேருக்குத் திரும்பவும் மருந்து தொடங்க வேண்டி வருகிறது. அதை முடிவு செய்ய வேண்டியவர் டொக்டர். நாமும் இல்லை, பக்கத்து வீட்டாரும் இல்லை, நலன்புரி ஆட்களும் இல்லை.

வீட்டில் மாத்திரை போடும் முறை

இமாட்டினிப் மாத்திரையைச் சாப்பாட்டோடு போட வேண்டும். ஒரு பெரிய கிளாஸ் தண்ணீர் குடிக்க வேண்டும். வெறும் வயிற்றில் போட்டால் குமட்டும். காலையில் இருட்டோடு எழும்பி, ரொட்டியைத் துணியில் சுற்றிக்கொண்டு மலைக்கு ஓடுகிறவர்களுக்கு இராத்திரிச் சோறுதான் வசதி. எந்த நேரம் என்பதை டொக்டரிடம் கேட்டு முடிவு செய்து, பிறகு மாற்றாமல் இருக்க வேண்டும். இதே நோய்க்கு வேறு மாத்திரைகளும் இருக்கின்றன. நிலோட்டினிப் என்ற ஒன்றை வெறும் வயிற்றில்தான் எடுக்க வேண்டும். ஆகவே கிளினிக்கில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் சொன்னதைக் கேட்டு முறையை மாற்ற வேண்டாம்.

மறந்துவிட்டால், அடுத்த நாள் இரண்டாகப் போடக்கூடாது. போட்டதும் வாந்தி எடுத்தாலும் இன்னொன்று போடக்கூடாது. அடுத்த வேளைக்குரியதை வழக்கம் போலப் போட்டு, கிளினிக்கில் சொல்ல வேண்டும்.

மாத்திரையை அடுப்புக்கு மேலே தட்டில் வைக்காதீங்க. சூடும் ஆவியும் படும். மழை ஒழுகுகிற பக்கத்திலும் வேண்டாம். மூடி இறுக்கமான டின்னில், பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில் வையுங்க.

நாட்காட்டி இல்லாத வீடு இல்லை. மாத்திரை போட்ட நாளில் அதில் ஒரு கோடு போடுங்க. எழுத வாசிக்கத் தெரியாவிட்டாலும் கோடு போடலாம். நாங்கள் சொன்ன அக்கா வீட்டில் இப்போது அந்தக் கோடு போடுவது நாலாம் வகுப்புப் படிக்கிற கடைசி மகனின் வேலை. ஒரு நாள் அம்மா கோடு போடாமல் படுத்துவிட்டால் அவன் தூங்கவிட மாட்டான்.

உடம்பு செய்கிற சேட்டை

மாத்திரை தொடங்கிய மாதங்களில் காலையில் கண் இமை வீங்கலாம். கெண்டைக்காலிலும் கை விரலிலும் பிடிப்பு வரலாம். குமட்டல், வயிற்றோட்டம், தோலில் தடிப்பு, சோர்வு வரலாம். பலருக்கு நாள் போகப் போகக் குறையும். பலர் மாத்திரையை இரகசியமாக நிறுத்துவது இவற்றால்தான். சொல்லுங்க. டொக்டர் அளவை மாற்றலாம், வேறு மருந்து கொடுக்கலாம், வேறு மாத்திரைக்கே மாற்றலாம். சொல்லாமல் நிறுத்தினால் அவருக்கு ஒன்றும் தெரியாது.

சில அறிகுறிகளுக்குக் கிளினிக் நாள் வரும்வரை காத்திருக்கக் கூடாது. காய்ச்சல் 38 பாகை செல்சியஸ், அதாவது 100.4 பாகை பரன்ஹைட்டுக்கு வந்தால், மூச்சு வாங்கினால், ஈறில் மூக்கில் இரத்தம் நிற்காமல் வந்தால், அடிபடாமலே தோலில் நீலத் தழும்பு எழும்பினால், இடது பக்க வயிற்றில் திடீரென்று கடும் வலி வந்தால், கால் வீங்கி எடை வேகமாகக் கூடினால் உடனே ஆஸ்பத்திரி. பனடோலைப் போட்டுப் போர்த்திக்கொண்டு படுக்காதீங்க. பனடோலும் எத்தனை போடலாம் என்று டொக்டரிடம் முன்பே கேட்டு வையுங்க.

மழைக்காலத்தில் அட்டைக் கடி நமக்குப் பெரிய விஷயமே இல்லை. ஆனால் தட்டணு குறைந்திருக்கும் நேரத்தில் கடித்த இடத்தில் இரத்தம் நிற்கத் தாமதமாகும். காலுறை போட்டு, சவர்க்காரமோ உப்போ பூசிக்கொண்டு இறங்குங்க. கடித்தால் சுத்தத் துணியால் அழுத்திப் பிடிங்க. நிற்காவிட்டால் டிஸ்பென்சரிக்கு வாங்க.

மண்ணீரல் பெருத்திருக்கும் காலத்தில் விழுவதும் வயிற்றில் இடிபடுவதும் ஆபத்து. வழுக்குகிற சரிவும் பாரச் சுமையும் அந்த மாதங்களில் வேண்டாம். வயிறு சரியான பிறகு டொக்டரைக் கேட்டு வழக்கமான வேலைக்குத் திரும்பலாம்.

தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடிங்க. சாப்பிட முன் கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்க. பத்தியம் என்று ஒன்றும் இல்லை. பருப்பு, முட்டை, கீரை, நெத்தலி, கிடைப்பதைச் சாப்பிடுங்க. கிரேப் ஃபுரூட் என்ற பழம் மட்டும் ஆகாது, மருந்தின் அளவை உடம்பில் மாற்றிவிடும். நாட்டு மருந்து, கசாயம், கடையில் விற்கிற சத்துத் தூள் எதுவானாலும் டொக்டருக்குத் தெரியாமல் எடுக்க வேண்டாம். வீட்டில் யாருக்காவது அம்மை போட்டால் நோயாளியை அந்தக் காம்பராவில் படுக்க வைக்காமல், உடனே டிஸ்பென்சரிக்கு அறிவியுங்க.

இளம் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. இந்த மாத்திரை எடுக்கும் காலத்தில் கர்ப்பம் தரித்தால் வயிற்றுப் பிள்ளைக்குக் கெடுதல் வரலாம். தாய்ப்பால் கொடுப்பதும் கூடாது. குழந்தை வேண்டும் என்ற ஆசை இருந்தால் முதலிலேயே டொக்டரிடம் பேசுங்க, வழி இருக்கிறது. வெட்கப்பட்டு மறைக்க வேண்டாம். ஆண்களிடம் சொல்லக் கூச்சமாக இருந்தால் மிட்வைஃப் அம்மாவிடம் சொல்லுங்க.

கிளினிக் நாள்

அரச ஆஸ்பத்திரியில் வைத்தியம் இலவசம். மகரகமவில் உள்ள அபேக்ஷா வைத்தியசாலைதான் நாட்டின் தேசியப் புற்றுநோய் நிறுவனம். மலையகத்தில் உள்ளவர்களுக்குக் கண்டி தேசிய வைத்தியசாலையிலும் புற்றுநோய்ப் பிரிவு இருக்கிறது. நமக்கு இலவசம் இல்லாதது போக்குவரத்தும் அன்றைய சம்பளமும்தான். அது சின்னக் காரியம் இல்லை என்று எங்களுக்குத் தெரியும்.

கிளினிக் கொப்பியைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு வையுங்க. இரத்தப் பரிசோதனைத் துண்டுகளை ஒன்றையும் எறியாதீங்க. முதல் வருடத்தில் பொதுவாக மூன்று மாதத்துக்கு ஒரு முறை, இரத்தத்தில் அந்தக் கெட்ட நூல் எவ்வளவு மிச்சம் என்று ஒரு விசேட பரிசோதனை செய்வார்கள். உடம்பு நன்றாக இருக்கிறதா என்பதை அந்தப் பரிசோதனைதான் சொல்லும், நம்முடைய மனது சொல்லாது.

டொக்டரோ மிஸ்ஸியோ சிங்களத்தில் சொல்வது விளங்காவிட்டால் தலையை ஆட்டிவிட்டு வரக்கூடாது. தமிழ் தெரிந்தவரைக் கூப்பிடச் சொல்லுங்க. படிக்கிற பிள்ளை ஒன்றைக் கூட்டிக்கொண்டு போங்க. "எத்தனை மாத்திரை, எந்த நேரம், அடுத்த திகதி எது" என்ற மூன்றையும் கேட்டு எழுதிக்கொண்டு வந்தால் போதும்.

2022இல் நாட்டில் மருந்துத் தட்டுப்பாடு வந்ததை நாம் மறக்கவில்லை. அதிலிருந்து ஒரு பாடம். கடைசி மாத்திரை முடியும்வரை இருக்கக்கூடாது. ஒரு வாரத்துக்குரியது கையில் இருக்கும்போதே அடுத்ததுக்கு ஓட வேண்டும். இல்லை என்று சொன்னால், நாமாக அரை மாத்திரை ஆக்காமல், என்ன செய்வது என்று டொக்டரிடமே கேட்க வேண்டும். அன்றே எங்களுக்கும் சொல்ல வேண்டும். வேறு எந்த ஆஸ்பத்திரியில் இருக்கிறது என்று விசாரிப்பது எங்கள் வேலை.

இன்னொன்று. நோய் என்று தெரிந்ததும் சிலர் வேலையை விட்டு ஊழியர் சேமலாப நிதியை எடுத்துவிடலாம் என்று அவசரப்படுகிறார்கள். பெண்களுக்கு 50 வயதிலும் ஆண்களுக்கு 55 வயதிலும் எடுக்க வேண்டிய காசு அது. இந்த நோயில் பெரும்பாலானவர்கள் திரும்பவும் வேலை செய்கிறார்கள். முதல் பயத்தில் கையெழுத்து வைக்காதீங்க. கஷ்டம் என்றால் முதலில் எங்களிடம் வாங்க. பிரதேச செயலகத்துச் சமூக சேவை உத்தியோகத்தரிடம் என்ன உதவி கிடைக்கும் என்று கிராம சேவகர் மூலமாக விசாரித்துப் பார்ப்போம்.

லயத்தின் கடமை

கடைசியாக நோயாளிக்கு இல்லாமல் மற்ற எல்லோருக்கும் பேசுகிறோம்.

அந்த அக்கா எங்களிடம் ஒரு விஷயம் சொன்னாங்க. "ஊசி வலிக்கல. இஸ்தோப்புல நான் வந்து உட்கார்ந்ததும் பேச்சு நின்று போகுதே, அதுதான் வலிக்குது." நாம் கெட்டவர்கள் இல்லை. என்ன பேசுவது என்று தெரியாமல் வாயை மூடுகிறோம். ஆனால் அவங்களுக்கு அது வேறு மாதிரித் தெரிகிறது. நோயைப் பற்றித்தான் பேச வேண்டும் என்று இல்லை. கொழுந்து விலையைப் பேசுங்க, பிள்ளைகளின் பரீட்சையைப் பேசுங்க. "மாத்திரை போட்டாச்சா?" என்று ஒரு வார்த்தை கேளுங்க. அந்த நோயில் இறந்தவர்களின் கதையை மட்டும் கொண்டுபோய் இறக்காதீங்க.

ஆண்களுக்கும் ஒன்று சொல்லணும். மனைவிக்கு நோய் என்றால் தண்ணீர் எடுப்பது, விறகு உடைப்பது, பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புவது உங்கள் வேலைதான். தவறணைக்குப் போகிற காசில் ஒரு பங்கைக் கிளினிக் டின்னில் போடுங்க. நோயாளி ஆணாக இருந்தால், குடியை டொக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்க. ஈரல் இந்த மருந்தையும் சாராயத்தையும் சேர்த்துத் தாங்க வேண்டியிருக்கும்.

நம்முடைய தோட்டங்களில் மரண ஆதாரச் சங்கம் இல்லாத இடம் இல்லை. ஒருவர் இறந்தால் பெட்டிக்கும் பந்தலுக்கும் காசு உடனே வருகிறது. அது நல்ல வழக்கம். ஆனால் நாங்கள் ஒன்று கேட்கிறோம். இறந்தவரைக் கௌரவமாக அனுப்பி வைக்கக் காசு சேர்க்கிற நாம், உயிரோடு இருக்கிறவரைக் கிளினிக்குக்கு அனுப்பி வைக்க ஏன் சேர்க்கக்கூடாது? ஒரு குடும்பத்துக்கு மாதம் ஒரு சின்னத் தொகை போதும். இரத்தப் புற்றுநோய்க்கு மட்டும் இல்லை. சிறுநீரகம், இருதயம், நீரிழிவு என்று மாதா மாதம் கிளினிக் போகிற எல்லோருக்கும் பஸ் காசு ஆகும்.

அந்த அக்காவின் தோட்டத்தில் இப்போது அப்படித்தான் நடக்கிறது. அவங்க லயத்துப் பெண்கள் நாலு பேர் முறை வைத்து ஒருவர் துணைக்குப் போறாங்க. கிளினிக் திகதியை நாங்கள் முன்கூட்டியே அலுவலகத்தில் கொடுத்து, லீவுக்குப் பேசி வைக்கிறோம். மாத்திரையைத் திரும்பத் தொடங்கி, தவறாமல் போட்டதில் வெள்ளை அணு பழைய கணக்குக்கு இறங்கியது. மண்ணீரல் சுருங்கியது. அவங்களுக்கு அதே மாத்திரை திரும்பவும் கேட்டது. எல்லோருக்கும் அப்படிக் கேட்கும் என்று சொல்ல முடியாது. அந்த நாலைந்து மாதத்தில் அவங்களுக்கு நடக்காமல் போனதை நினைத்தால் எங்களுக்கு இன்றைக்கும் நெஞ்சு பதறுகிறது.

அதனால் நாங்கள் இப்போது யாரையும் பார்த்து "சுகமாகிட்டீங்க" என்று சொல்வதில்லை. "சுகமாக இருக்கிறீங்க, மாத்திரையை விடாதீங்க" என்று சொல்கிறோம். நீங்களும் அப்படியே சொல்லிப் பழகுங்க.

இந்தக் கூட்டம் முடிந்ததும் ஒவ்வொரு லயத்திலிருந்தும் ஒருவர் எங்களிடம் வந்து, மாதா மாதம் கிளினிக் போகிறவர்கள் உங்கள் லயத்தில் எத்தனை பேர் என்று சொல்லிவிட்டுப் போங்க. யாருக்கு என்ன நோய் என்று சொல்ல வேண்டியதில்லை. எத்தனை பேருக்குத் துணை வேண்டும், எந்தத் திகதி என்பது மட்டும் போதும். அடுத்த மாதக் கூட்டத்துக்குள் முறைப் பட்டியலைப் போட்டுக் கொண்டு வருகிறோம்.